சோப்பு ஆலையில் யாரும் பார்ப்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எங்கள் ஷோனவைடே பகுதியில் குடியிருப்பவர்களுக்கு அது தெரியும். ஊர் சுற்ற வந்தவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் வந்து நின்று, "இங்க நல்ல நைட் கிளப் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். பெர்லினில் பிறந்தவளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். டிராமில் கேட்கிறார்கள், மருந்துக் கடையில் கேட்கிறார்கள், என் பல் டாக்டர் வீட்டு வாசலில்கூட ஒருத்தன் கேட்டான். நாங்கள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு ஊருக்கு மறுகோடியில் இருக்கிற ஏதாவது தோட்டச் சங்கத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவோம். அங்கே ஓய்வு பெற்ற கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் பச்சை டி-ஷர்ட். டி-ஷர்ட்டின் மார்பில் ஒரு ஆளின் பெரிய முகம், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. நால்வரில் முன்னால் நின்றவன் திரும்பினான். அதே முகம், அதே பல்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க" என்றான். "நாங்க அயர்லாந்து. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம், அதுக்கு முன்னால கூட்டாளிங்களோட ஒரு கொண்டாட்டம். வெள்ளிக்கிழமையிலேருந்து சுத்தறோம், ஒரு வாசல்லயும் உள்ள விட மாட்டேங்கறாங்க."

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா போனீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் விடலன்னு என்னைக் கேக்கறீங்க?"

அவன் குனிந்து தன் நண்பனின் மார்பில் இருந்த தன் முகத்தைப் பார்த்தான். "அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிறு காலையில் எனக்குச் சிரிப்பு வருவது அபூர்வம், கடைக்காரியே நிமிர்ந்து பார்த்தாள். கசகசா தூவிய ரொட்டி இரண்டுதான் மிச்சம் என்று அவள் சொன்னபோது, அவன் ஒதுங்கி நின்று, "அவங்களுக்குக் குடுங்க" என்றான். பெயர் ஃபின்டன் என்றான். தோட்டச் சங்கத்தின் முகவரி என் நாக்கு நுனி வரை வந்திருந்தது. ரொட்டியை விட்டுக்கொடுத்தவனை அங்கே அனுப்ப மனசு வரவில்லை.

"கேட்டுக்கோ. சட்டையைக் கழட்டிட்டுக் கறுப்புல எதையாவது போடு. நாலு பேரா சேர்ந்து போகாதே, ஒவ்வொருத்தனா போ. வரிசையில சிரிக்காதே, கத்தாதே, கையில பாட்டில் வெச்சுக்காதே. வாசல்ல இருக்கறவன் கேட்டா ஒத்த வார்த்தையில பதில் சொல்லு. அன்னைக்கு உள்ள யாரு இசை போடறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ. சனிக்கிழமை ராத்திரி போறது உங்கள மாதிரி ஆளுங்கதான். ஞாயிறு மத்தியானம் போ."

"சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, கறுப்பு போடணும்" என்றான் அவன். "இது கிளப்பா, சாவு வீடா?"

"ரெண்டும்தான்."

"நீங்க எதுல வேலை பாக்கறீங்க?"

"ஆத்தங்கரையில பழைய சோப்பு ஆலை. கோட்டு வாங்கி வைக்கிற ரூம்ல. அங்க மட்டும் வந்து தொலைக்காதீங்க, உங்களச் சேத்ததுக்கு என்னைத்தான் திட்டுவாங்க."

நால்வரும் கையசைத்தார்கள். நான் சிரித்த முகத்தோடேயே டிராமைப் பிடித்தேன். ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான் ரொட்டிப் பையைக் கடை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

சோப்பு ஆலையைப் பற்றி நல்லது சொல்லாமல் மேலே போனால் அது அநியாயம். கிளப்புக்கு வேறு பெயர் உண்டு, எங்களுக்கு அது சோப்புதான், எங்கள் வீடும் அதுதான். சனி இரவு திறந்தால் திங்கள் காலை வரை மூடாது. வாசலில் ஒவ்வொரு கைப்பேசியின் கேமராக் கண்ணிலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவோம். உள்ளே யாரும் யாரையும் படம் பிடிக்கக் கூடாது, முறைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் ஒரு மூலையில் ஒருவரையொருவர் சங்கிலியால் கட்டிக்கொண்டாலும், சாட்டையால் அடித்துக்கொண்டாலும் அது அவர்கள் ஆசை, அவர்கள் பாடு. கூப்பிட்டால் ஒழிய நீ திரும்பிப் பார்க்காதே. அதுதான் அந்த வீட்டு மரியாதை. நான் டோர்பெனுக்கு மனைவியாக இருந்த காலத்தில் என்ன உடுத்தினாலும் எங்கே நின்றாலும் யாரும் கண்காணிக்காத ஒரே இடம் அதுதான். அந்த வீட்டை நான் காதலித்தேன்.

டோர்பென் வீடுகளுக்கு மரத் தளம் போடுகிறவன். பத்து வருஷம் சேர்ந்து இருந்தோம். பலகைகளை இறுக்கத் தட்டுகிற கொட்டாப்புளியால் ஒரு நாள் என் காறை எலும்பை உடைத்தான். சிறைக்குப் போனான், வசந்த காலத்தில் வெளியே வந்தான். என் பக்கத்தில் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. உத்தரவு வாங்கிய அன்றே, நீதிமன்ற வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது, "நீ எங்க நிப்பன்னு எனக்குத் தெரியும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். என்னை முடிக்காமல் விடமாட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவனுடைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஹைட்ரூனிடம் போனேன். ஹைட்ரூன்தான் எங்கள் முதலாளி. நரைத்த குட்டை முடி, அறுபது தாண்டியும் தோல் பூட்ஸ்.

"இதை வாசல்ல மாட்டி வைக்கணும்" என்றேன்.

"இந்த வீட்ல எந்த மூஞ்சியும் சுவத்துல தொங்காது, யூட்டா."

"அவன் என்னைக் கொல்லுவான்."

"பெர்லின் சுவர் இருந்த காலத்துல எனக்கு இருபது வயசு. என் மூஞ்சிய எத்தனை உளவுத்துறை அலுவலகத்துல ஒட்டி வெச்சு எத்தனை பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு உனக்குத் தெரியாது. அதுக்காகத்தான் இந்த வீட்டையே நான் கட்டினேன். ஒருத்தன் மூஞ்சிய இன்னைக்கு மாட்டினா, நாளைக்கு ரெண்டு பேர் மூஞ்சி தொங்கும்." அவள் குரல் இறங்கியது. "ஆள் எப்படி இருப்பான்னு வாசல்ல வாயால சொல்லு. போதும்."

வாயால் சொன்னேன். வாசலில் ஆள் பொறுக்குகிறவன் லெனார்ட். பார்த்த மாத்திரத்தில் யார் உள்ளே வரத் தகுந்தவன், யார் இல்லை என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்காகவே அவனுக்கு ஊரில் பெயர்.

"மார் வரைக்கும் தாடி. பழுப்பு ஜாக்கெட். பெரிய வாய், எப்பவும் கையில பீர்" என்றேன்.

"தாடி, பழுப்பு, வாய்" என்று லெனார்ட் விரலை மடக்கினான். "இப்படி ஒருத்தன எப்படியும் நான் உள்ள விடப்போறதில்ல. அதுக்கு அவன் உன் புருஷனா இருக்கணும்னு அவசியமே இல்லயே."

துன்ஜாய் சிரித்தான். வாசலில் ஆட்களைத் தடவிச் சோதிக்கிற பையன், பெர்லினின் நாய்கோல்ன் பகுதியில் பிறந்த துருக்கிக்காரன், கதவு அகலம் இருப்பான். "அக்கா, நான் இருக்கறப்ப எவன் உன்கிட்ட வந்துடுவான்?" என்றான்.

நான் எதை மறந்தேன் என்று பாருங்கள். டோர்பெனோடு வாழ்ந்த அத்தனை வருஷமும் ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது. அன்றைக்கு யாரை விட்டார்கள், யாரை விரட்டினார்கள், எவன் எப்படி நின்றான், எவன் எங்கே வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டான் என்று உருளைக்கிழங்கு சாலடைக் கிளறிக்கொண்டே சொல்லுவேன். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த அயர்லாந்துக்காரனுக்கு நான் ரொட்டிக் கடையில் ஒரு நிமிஷத்தில் சொன்னதை, டோர்பெனுக்குப் பத்து வருஷமாக ஊட்டியிருந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் வாசலில் நடந்தது துன்ஜாய் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. அதில் ஒருத்தன் தனியாக வந்தான். மழித்த முகம், நீளமான கறுப்புக் கோட்டு, கண் தரையில்.

"எத்தனை பேர்?" என்றான் லெனார்ட்.

"ஒருத்தன்."

"யாரு இசை?"

வந்தவன் அன்றைக்கு இசை போடுகிற பெண்ணின் பெயரைச் சரியாகச் சொன்னான். அந்தப் பெண்ணின் நிகழ்ச்சியில் பின்பாதிக்காகத்தான் வந்தேன் என்றும் தணிந்த குரலில் சொன்னான். லெனார்ட் வழி விட்டான். துன்ஜாய் தடவிப் பார்த்தான்: கத்தி இல்லை, பாட்டில் இல்லை. கைப்பேசியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தான். "இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான்டா இந்த வீடு" என்று லெனார்ட் துன்ஜாயிடம் சொன்னானாம்.

அவனுக்குக் கொஞ்சம் பின்னால் நான்கு பச்சை டி-ஷர்ட்கள்.

"இன்னைக்கு இல்ல" என்றான் லெனார்ட். எங்கள் வாசலில் வேண்டாதவர்களுக்குச் சொல்கிற வார்த்தை அது. காரணம் சொல்ல மாட்டோம்.

"நாங்க உள்ள வர வரல" என்றான் ஃபின்டன். "கோட்டு ரூம்ல இருக்கற மேடம் ரொட்டிய மறந்துட்டாங்க. குடுத்துட்டுப் போயிடறோம்."

லெனார்ட் பையை வாங்கி மோந்து பார்த்தான். "வாரா வாரம் ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கதையோட வரான். ஒருத்தனுக்கு உள்ள தங்கச்சி, ஒருத்தனுக்கு உள்ள மருந்து. ரொட்டி இன்னைக்குத்தான் வந்திருக்கு." வரிசையில் இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். பையைத் திருப்பித் தந்து, "இன்னைக்கு இல்ல" என்றான் மறுபடியும்.

கோட்டு அறை என்பது ஆலையின் பழைய கரி அறை. முன்னால் ஒரு மேடைப் பலகை, ஓரத்தில் தூக்கிவிடுகிற மடிப்பு. பின்னால் கூரை வரை கம்பி கம்பியாகக் கோட்டுகள். மேல் வரிசையிலிருந்து எடுக்க ஒரு கொக்கிக் கம்பு. பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல், முற்றத்துப் பக்கம், வெளியே இருப்பவர்களின் முழங்கால் உயரத்துக்கு. கோட்டு கொடுத்தால் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைத் தோல் கயிற்றில் கோத்துக் கொடுப்போம், கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். என் தலைக்கு மேல் ஆணியில் அந்தக் கயிறுகள் கொத்தாகத் தொங்கும்.

வேலை நேரத்தில் நான் முகங்களைப் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பேன். ஒரு கை கறுப்புக் கோட்டைப் பலகை மேல் வைத்தது. கோட்டைப் பற்றினேன். அப்போது கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. அந்த விரல் என் சமையலறையில் உப்பு டப்பாவைத் திறந்ததைப் பத்து வருஷம் பார்த்திருக்கிறேன்.

"என்ன யூட்டா, நம்பர் குடுக்க மாட்டியா?" என்றான் டோர்பென்.

தாடி இல்லாத அந்த முகம் எனக்குப் புதிது, கண்கள் பழசு. "துன்ஜாய்!" என்று கத்தினேன். அந்த இசையில் சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது, என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. அவன் நிதானமாக மடிப்பைத் தூக்கி உள்ளே வந்தான். கரி அறைக்குப் பின்கதவு கிடையாது. கோட்டுகளுக்குள் புகுந்தேன். முடியைப் பிடித்து இழுத்து, காதோடு சேர்த்து ஒன்று விட்டான். தலை இரும்புத் தூணில் மோதிக் கண் இருண்டது. விழுந்தவளை வயிற்றில் மிதித்தான், மறுபடி மிதித்தான். அவன் மணிக்கட்டு வாய்க்கருகில் வந்தபோது கடித்தேன். பல் உள்ளே இறங்குகிற வரை கடித்தேன். அவன் இரத்தம் வாயில் இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இனித்தது.

அவன் என்னைத் தூக்கிப் பலகை மேல் குப்புறச் சாய்த்து, முதுகில் முழங்காலை ஊன்றினான். ஆணியிலிருந்து ஒரு கயிற்றைப் பிடுங்கிக் கழுத்தில் சுற்றினான். பித்தளை வில்லையைப் பிடியாக வைத்துக்கொண்டு முறுக்க ஆரம்பித்தான். தொழில்காரன், எதையும் இடைவெளி இல்லாமல் இறுக்கத் தெரியும்.

"பேசு" என்றான் காதருகே. "சாப்பிடறப்ப பேசுவியே, பேசு."

பலகைக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், இரண்டு பேர் கோட்டு வாங்க நின்றார்கள். ஒருவர் எக்கார்ட். பதினைந்து வருஷமாக வருகிறவர், அவர் ஜாக்கெட்டுக்கு நான் எண் போடுவதில்லை, பார்த்ததும் எடுத்துத் தருவேன். மற்றவர் அவர் நண்பர். எக்கார்ட் என்னைப் பார்த்தார். கழுத்தில் கயிற்றைப் பார்த்தார், வெளியே தள்ளிய நாக்கைப் பார்த்தார். எனக்குக் குரல் வரவில்லை. கையை நீட்டினேன். என் விரல் நுனி அவர் சட்டைப் பொத்தானில் பட்டது.

அவர் எங்கள் வீட்டின் நல்ல விருந்தாளி செய்ய வேண்டியதைச் செய்தார். கண்ணைத் தாழ்த்தினார். நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பரின் முழங்கையைத் தொட்டு, "அவங்க முடிக்கட்டும். அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். பிறகு இருவரும் எங்களுக்கு முதுகு காட்டி, பின்னால் வருகிறவர்கள் யாரும் எங்களைத் தொந்தரவு செய்துவிடாதபடி மறைத்து நின்றார்கள்.

டோர்பென் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு பழையது, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். அந்த முதுகின் மேல் அந்த நொடியில் வந்த வெறுப்பை எங்கே வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் சிவப்பு பரவியது. கால் தரையை உதைக்கிற சத்தம் யாரோ ஒருத்தியின் கால் சத்தம்போலக் கேட்டது.

அப்போதுதான் பக்கச் சுவர் ஜன்னல் வெடித்தது.

வாசலில் விரட்டப்பட்ட ஃபின்டன் நேரே போய்விடவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்து, என் ஜன்னலைக் கண்டுபிடித்து, கண்ணாடியைத் தட்டி ரொட்டிப் பையைக் கம்பி வழியே கொடுத்துவிடலாம் என்று குனிந்திருக்கிறான். எங்கள் வீட்டு மரியாதை எதுவும் தெரியாதவன். குனிந்தவன் பார்த்தான், பார்த்துவிட்டுக் கத்தினான். கூட இருந்த செம்பட்டை முடிக்காரன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"உள்ள ஒருத்தன் பொம்பளையக் கொல்றான்! பாருடா, இதப் பாரு!" என்று லெனார்ட்டின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

லெனார்ட் பார்க்கவில்லை. "இங்க படம் எடுக்கக் கூடாது" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து அந்தக் கைப்பேசியின் கண்ணில் ஒட்டினான்.

இதற்குள் ஃபின்டன் முற்றத்தில் கிடந்த சைக்கிள் பூட்டு ஒன்றை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டு அடித்தான். கண்ணாடிச் சில்லுகள் டோர்பெனின் தலையில் கொட்டின. பிடி தளர்ந்தது. நான் பலகையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தேன். ஒரு மூச்சு உள்ளே போனது, கத்தி போனதுபோல் போனது. கைக்குக் கொக்கிக் கம்பு அகப்பட்டது. அவன் குனிந்தான். நான் யோசிக்கவில்லை. கொக்கியை அவன் வாயோரத்தில் மாட்டி, மேல் கம்பியில் இருக்கிற கோட்டை இறக்குகிற மாதிரி முழுப் பலத்தோடு கீழே இழுத்தேன். கன்னம் காது வரை பிளந்தது. உள்ளே பற்கள் வரிசையாகத் தெரிந்தன.

அவன் அலறவில்லை. கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். யாருடையதோ ஒரு கறுப்புத் துண்டை உருவி முகத்தில் அழுத்தினான். தன் கோட்டை எடுத்து மாட்டி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மடிப்பைத் திறந்து போனான். கறுப்பில் இரத்தம் தெரியாது. எக்கார்ட் அவனுக்கு வழி விட்டார்.

வெளியே துன்ஜாய் ஜன்னல் பக்கம் ஓடியிருந்தான். சுவரை உடைத்து உள்ளே வரப் பார்க்கிற குடிகாரன் என்று நினைத்தான். முதல் குத்திலேயே ஃபின்டனின் தாடை போய்விட்டது. விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து குத்தினான். ஃபின்டன் தொங்குகிற வாயோடு ஜன்னலையே காட்டிக்கொண்டிருந்தான். காட்டிய கையையும் துன்ஜாய் முறுக்கினான். காப்பாற்றப் பாய்ந்த நண்பர்கள் இருவரை மற்ற காவல்காரர்கள் சரளைக் கல்லில் முகம் தேய இழுத்தார்கள். வெயிலில் வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.

இத்தனைக்கும் நடுவே டோர்பென் வாசல் வழியாக வெளியே வந்தான். லெனார்ட் அவனுக்காக வாசல் தடுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். "ஞாயிறு நல்லபடியா போகட்டும்" என்று சொன்னானாம்.

நான் தவழ்ந்து வந்தேன். நடையில் ஆட்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். வாசல் வெளிச்சம் வந்ததும் முதலில் எட்டிய காலைப் பிடித்துக்கொண்டேன். லெனார்ட்டின் கால். அவன் குனிந்து பார்த்தான். அன்றைக்கு அப்போதுதான் அவன் எதையாவது பார்த்தான்.

போலீஸ் வந்து கேட்டது. உள்ளே கேமரா உண்டா? கிடையாது. ஆளை யாராவது பார்த்தீர்களா?

"கறுப்புக் கோட்டு" என்றான் லெனார்ட். "அமைதியான ஆளு. தாடி இல்ல."

"உள்ள இருக்கற எல்லாருமே அப்படித்தானேய்யா இருக்காங்க?" என்றாள் போலீஸ்காரி.

தாடியில்லாத அவன் முகம் எங்கேயும் இல்லை, செம்பட்டை முடிக்காரனின் கைப்பேசியைத் தவிர. அந்தப் படத்தை வைத்துத்தான் மூன்றாம் நாள் அவனைப் பிடித்தார்கள். அண்ணனின் தோட்டக் குடிசையில், கன்னத்தைத் தூண்டில் நரம்பால் தானே தைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஃபின்டன் எனக்கு இரண்டு அறை தள்ளி இருந்தான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எனக்குக் குரல்வளை நசுங்கியிருந்தது. துன்ஜாய் நடையில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"அவன் சொன்னது எனக்குப் புரிஞ்சுது அக்கா" என்றான். "கொல்றான், கொல்றான்னு சொன்னான். புரிஞ்சும் அடிச்சேன். வாசல்ல வந்து எவன் என்ன சொன்னாலும் பொய்னு பழகிப்போச்சு அக்கா."

என்னால் பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் ஆறுதல் சொல்லியிருக்க மாட்டேன்.

ஊருக்குப் போகும் முன் ஃபின்டன் என் அறைக்கு வந்தான். அதே ரொட்டிப் பையைக் கட்டில் மேல் வைத்தான். ரொட்டி கல்லாகியிருந்தது. அவனாலும் மெல்ல முடியாது, என்னாலும் விழுங்க முடியாது. கைப்பேசியில் ஏதோ தட்டி என்னிடம் காட்டினான்: 'மேடம், அது நல்ல கிளப்தானா?' நான் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவன் கம்பிக்குள்ளேயே சிரித்தான், வலியில் கண்ணீர் வந்தது. போகும்போது ஒரு பச்சை டி-ஷர்ட்டை விட்டுவிட்டுப் போனான். அந்தக் கம்பிப் பல்லோடுதான் அடுத்த மாதம் கல்யாண மேடையில் சம்மதம் என்று சொன்னான்.

வேலைக்குத் திரும்பிய அன்று நான் முதலில் செய்தது, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசல் சுவரில் ஆணி அடித்து மாட்டியது. ஹைட்ரூன் சுத்தியலும் குறடுமாக வந்தாள்.

"ஆள் உள்ள போயாச்சு. இனிமே இது எதுக்கு? கழட்டிடறேன்."

"அவன் மூஞ்சிக்காக இல்ல" என்றேன். என் குரல் சரளைக் கல்லாகியிருந்தது. "கிட்ட வந்து பாருங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். பக்கவாட்டில் எடுத்த படம். பலகை மேல் என் தலை. எனக்கு மேல் டோர்பென். பலகைக்கு அந்தப் பக்கம் நீட்டிய என் கை. அந்தக் கைக்கு முன்னால் எக்கார்ட், கண்ணைத் தாழ்த்தி, முகத்தை அழகாகத் திருப்பிக்கொண்ட அந்த நொடியில். ஹைட்ரூன் நெடுநேரம் பார்த்தாள். அந்த மரியாதையைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். குறடைக் கீழே வைத்தாள்.

"ஒரு மூலையில ஆணி அடிக்காம விட்டிருக்க" என்று சொல்லி, அவளே அடித்தாள்.

லெனார்ட் வேலையை விட்டுப் போனான். அவன் உட்கார்ந்த முக்காலியில் இப்போது நான் உட்காருகிறேன், ஸ்வெட்டருக்கு மேலே அந்தப் பச்சை டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு. பெர்லினின் கறுத்த வாசல்களில் ஒன்றில், என் மார்பில் ஒரு அயர்லாந்துக்காரன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது ஞாயிறு எக்கார்ட் வந்தார். தனியாக, கறுப்பில், அமைதியாக.

"யூட்டா" என்றார். "நான் நினைச்சேன், உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ… விளையாட்டுன்னு."

"கை நீட்டினேன், எக்கார்ட். உங்க பொத்தான் என் விரல்ல பட்டுது."

"அதுவும் அதுல ஒரு பகுதியா இருக்கும்னு… பதினஞ்சு வருஷமா வர்றேன். இந்த வீட்ல இருந்து கத்துக்கிட்டதுதானே அது?"

"பாருங்க" என்று சுவரைக் காட்டினேன்.

அவர் திரும்பினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தில் இருக்கிற அதே மாதிரி.

"இன்னைக்கு இல்ல" என்றேன்.

அவருக்குப் பின்னால் தலையில் பிளாஸ்டிக் கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ஆறு பேர்!" என்று ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"வாங்க" என்றேன்.